40 ஜிபி, 165 மில்லிநொடி, ஆயிரத்தில் ஒரு பாக்கெட்

கோவையிலிருந்து பிராங்பர்ட்டுக்கு ஒரு நில அளவைத் தொகுப்பு நேற்றிரவு 1 மணி 4 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. ட்ரோன் எடுத்த 4,000 படங்கள், படத்துக்குச் சுமார் 10 எம்பி, மொத்தம் 40 ஜிபி. முதன்முதலில் இதே அளவுத் தொகுப்பை அனுப்பியபோது இரண்டரை நாளுக்கு மேல் ஆகும் என்று திரை காட்டியது. அதே லைன், அதே கணினிகள். இணையத்தில் தரவு பாக்கெட் என்ற சிறு பொட்டலங்களாகப் போகிறது. தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பி வரிசையாகச் சேர்ப்பது டிசிபி நெறிமுறை; அனுப்பியதோடு மறந்துவிடுவது யூடிபி. இடைப்பட்ட காலத்தில் யூடிபியில் சொந்தமாக ஓர் அனுப்பு நிரல் எழுதினேன். அது நன்றாகவே ஓடியது. ஆனாலும் அதை ஒதுக்கிவிட்டு டிசிபிக்கே திரும்பினேன். அளவீடுகள் கைவசம் இருக்கும்போதே எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவைக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் 100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 100 மெகாபிட்) லைன், பதிவேற்றமும் பதிவிறக்கமும் சமம். மொட்டை மாடியில் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஒன்று இருக்கிறது. அங்கிருந்து சேவை நிறுவனத்தின் கோபுரம் வரை காற்றுவழி. ரேடியோவிலிருந்து ரூட்டருக்கு வெளிப்புற கேட்-5ஈ கேபிள் இறங்குகிறது. மறுமுனையில் வாடிக்கையாளரின் லினக்ஸ் சர்வர். அதில் எங்களுக்கு ஓர் எஸ்எஸ்எச் (குறியாக்கத்தோடு தொலைவிலிருந்து நுழையும் வழி) கணக்கு மட்டும் உண்டு; நிர்வாக உரிமை இல்லை, புதிய போர்ட் திறக்கச் சொன்னால் அவர்களின் பாதுகாப்புக் குழுவுக்கு மனுப் போட வேண்டும். பிங், அதாவது ஒரு பாக்கெட் போய்ப் பதில் வரும் நேரம், 165 மில்லிநொடி. இந்தக் கடைசி இரண்டு விவரங்கள்தான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தன.

எஸ்எஸ்எச் வழியாக, டிசிபியில், கோப்பை நகலெடுக்கும் எஸ்சிபி கொடுத்த வேகம் 1.3 எம்பிபிஎஸ். 100 எம்பிபிஎஸ் லைனில் இந்த வேகத்தைப் பார்த்தால் லைன்மீதுதான் யாருக்கும் சந்தேகம் வரும். வாடிக்கையாளரின் சர்வரில் சோதனை நடத்த முடியாது என்பதால் அதே நகரத்தில் சிறு மெய்நிகர் சர்வர் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்தேன். ஏறத்தாழ 500 ரூபாய். இரு முனையிலும் ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் கருவி. இந்தக் கருவியை யூடிபிக்குப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியது ஒன்று: வேகத்தைக் குறிப்பிடாவிட்டால் அது வினாடிக்கு 1 மெகாபிட் மட்டுமே அனுப்பும். அதைப் பார்த்து லைனைக் குறை சொல்லக் கூடாது. 90 எம்பிபிஎஸ் என்று குறிப்பிட்டு அனுப்பினேன். மறுமுனையில் ஏறத்தாழ முழுவதும் வந்து சேர்ந்தது, இழப்பு 0.4 சதவீதம். அடுத்த நிமிடமே டிசிபியில் அதே சோதனை: 1.3 எம்பிபிஎஸ்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் எவரும் 'யூடிபி வேகமானது, டிசிபி மெதுவானது' என்றுதான் முடிவு கட்டுவார். நானும் அந்த முடிவோடுதான் வேலையைத் தொடங்கினேன். ஆனால் 0.4 சதவீத இழப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் நிரல் எழுத மனம் வரவில்லை. ஈத்டூல் கட்டளையில் ரூட்டர் பக்கத்து ஈத்தர்நெட் கணக்கை எடுத்தால் சிஆர்சி பிழைகள் (வழியில் சிதைந்து வந்தவை) நின்று பார்க்கும்போதே ஏறிக்கொண்டிருந்தன. சிஆர்சி பிழை ஏறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கம்பியை. மாடிக்குப் போய்ப் பிளக்கைக் கழற்றினேன். ஆர்ஜே45 முனையின் செப்புத் தகடுகளில் பச்சை பூத்திருந்தது. கேபிளில் ஒரு சாண் வெட்டி எறிந்துவிட்டு இரு முனையிலும் உலோக உறையுள்ள புதிய பிளக் கிரிம்ப் செய்தேன். மழைநீர் பிளக்குக்குள் இறங்காதபடி கேபிளைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றிக் கட்டினேன். கிரிம்பிங் கருவி ஏற்கெனவே இருந்தது. பிளக்குகளுக்கு 200 ரூபாய்.

இழப்பு 0.4-இலிருந்து 0.1 சதவீதமாக இறங்கியது. டிசிபி 1.3-இலிருந்து 3.4 எம்பிபிஎஸ் ஆனது. மிச்சமிருந்த இழப்பு காற்றில் நடப்பது. ரேடியோ எங்கள் சொத்து அல்ல, அதில் கை வைக்க முடியாது. 40 ஜிபிக்கு இப்போது 26 மணி நேரம். போதாது, ஆனால் 200 ரூபாய்ச் செலவில் வேகம் இரண்டரை மடங்கு ஆகியிருந்தது.

ஆயிரத்தில் ஒரு பாக்கெட் தொலைந்தால் எப்படி வேகம் இந்த அளவுக்குச் சரியும்? விளக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 165 மில்லிநொடிப் பயணத்தில் 100 எம்பிபிஎஸ் லைன் நிரம்பியிருக்க வேண்டுமானால் எந்தக் கணத்திலும் சுமார் 2 எம்பி, அதாவது ஏறத்தாழ 1,400 பாக்கெட்டுகள் வழியில் இருக்க வேண்டும். எஸ்எஸ் என்ற சிறு கட்டளை ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பின் உள் கணக்கை அப்படியே காட்டும். அதில் நெரிசல் சாளரத்தின் அளவை, அதாவது பதில் வருவதற்கு முன் எத்தனை பாக்கெட்டுகளை வழியில் விடலாம் என்ற எண்ணைப் பார்த்தேன்: நாற்பது, ஐம்பது, மறுபடி முப்பத்தைந்து. லினக்ஸில் 2.6.19 பதிப்பிலிருந்து இயல்பாக வரும் கியூபிக் முறை, ஒரு பாக்கெட் தொலைந்தால் அதை நெரிசலின் அறிகுறி என்றே எடுத்துக்கொண்டு அளவைக் குறைக்கிறது. குறைத்த அளவு மறுபடி ஏற நேரம் வேண்டும். தூரம் கூடக் கூட அந்த நேரமும் கூடுகிறது. எங்கள் பாக்கெட்டுகள் நெரிசலில் தொலையவில்லை, மாடியில் காற்றில் தொலைகின்றன. அது கியூபிக்குக்குத் தெரிய வழியில்லை.

அவசரத்துக்கு ஒரு வழி இருந்தது. படங்கள் தனித்தனிக் கோப்புகள் என்பதால் பட்டியலை எட்டாகப் பிரித்து எட்டு ஆர்சிங்க் (எஸ்எஸ்எச் வழியாகக் கோப்புகளை நகலெடுக்கும் நிரல்) ஒரே நேரத்தில் ஓட்டினேன், ஒவ்வொன்றுக்கும் தனி நெரிசல் சாளரம். 26 எம்பிபிஎஸ் கிடைத்தது. மூன்றரை மணி நேரத்துக்குள் முடிந்தது. சில வாரங்கள் இதிலேயே ஓட்டினோம். நடுவில் ஒன்று அறுந்துவிட்டால் எந்தப் பட்டியல் எங்கே நின்றது என்று தேடும் வேலைதான் பெரும் தொல்லை.

யூடிபி நிரலை உண்மையான லைனில் எழுதிப் பழக முடியாது. அலுவலகமே அந்த லைனில்தான் ஓடுகிறது. எனவே மேசைமேல் ஒரு சோதனைக் களம் அமைத்தேன். இரு முனைகளுக்கும் ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினிப் பலகைகள் இரண்டு, நடுவில் பழைய மேசைக் கணினி ஒன்று. மேசைக் கணினிக்கு இரண்டாவது நெட்வொர்க் கார்டு 900 ரூபாய், கேபிள்கள் 300 ரூபாய். பலகைகள் முன்பே இருந்தவை. நடுக் கணினியின் ஒரு போர்ட்டை 100 எம்பிபிஎஸ் வேகத்துக்குக் குறைத்து, லினக்ஸின் நெட்எம் வசதியால் செயற்கைத் தாமதமும் இழப்பும் கொடுத்தேன். தாமதத்தை அனுப்பும் கணினியிலேயே கொடுக்காதீர்கள். அங்கே டிசிபி தன் சொந்த வரிசையின் நீளத்தைப் பார்த்து நடந்துகொள்வதால் அளவீடு பிசகும். நடுவில் தனிக் கணினி வைப்பதே சரி.

இங்கே ஒரு நாள் முழுக்க வீணானது. இழப்பை 0 என்று வைத்தும் பாக்கெட்டுகள் தொலைந்தன. காரணம், நெட்எம் தன் வரிசையில் இயல்பாக 1,000 பாக்கெட்டுகளுக்கு மேல் வைத்துக்கொள்ளாது. 165 மில்லிநொடித் தாமதம் முழுவதையும் ஒரே திசையில் கொடுத்திருந்தேன். முழு வேகத்தில் அங்கே 1,400 பாக்கெட்டுகள் காத்திருக்க வேண்டும். ஆயிரத்துக்கு மேல் வந்தவற்றை அது சத்தமில்லாமல் கொட்டியது. வரிசை எல்லையை 10,000 ஆக்கி, தாமதத்தையும் இரு திசைக்கும் பாதிப் பாதியாகப் பிரித்த பிறகு எண்கள் ஒழுங்குக்கு வந்தன. இழப்பில்லாமல் கியூபிக் 94 எம்பிபிஎஸ், 0.1 சதவீத இழப்பில் 3.4. உண்மையான லைனில் வந்த அதே எண். இந்த ஒப்புமை கிடைத்ததும் களத்தின்மேல் நம்பிக்கை வந்தது.

இனி நிரல். கோப்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டு, யூடிபியில் வீசுவது. பெறுபவர் எவை வரவில்லை என்று பட்டியல் அனுப்புவது. அனுப்புபவர் அவற்றை மட்டும் மறுபடி அனுப்புவது. ஈத்தர்நெட்டின் 1,500 பைட்டில் ஐபி தலைப்பு (முகவரி முதலிய விவரங்கள்) 20, யூடிபி தலைப்பு 8 போக 1,472 மிஞ்சுகிறது. என் தலைப்புக்கு 32 எடுத்தேன், தரவுக்கு 1,440. பெறும் பக்கத்தில் துண்டுக்கு ஒரு பிட் வீதம் வரைபடம் வைத்தேன். 40 ஜிபிக்கு ஏறத்தாழ 2 கோடியே 78 லட்சம் துண்டுகள், வரைபடம் 3.5 எம்பிக்குள் அடங்கிவிடும். துண்டு எந்த வரிசையில் வந்தாலும் கோப்பில் அதற்குரிய இடத்திலேயே நேராக எழுதலாம். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். டிசிபியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் அதற்குப் பின்னால் வந்தவை எல்லாம் அது திரும்ப வரும்வரை காத்திருக்கும். இங்கே எதுவும் எதற்காகவும் காத்திருப்பதில்லை.

முதல் ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு தொலைந்தது. நெட்எம் இழப்பு 0.1 சதவீதம்தான். நெட்ஸ்டாட் கட்டளை காட்டும் யூடிபி கணக்கில் 'பெறும் பஃபர் பிழை' என்ற வரி ஏறிக்கொண்டே போனது. லினக்ஸில் ஓர் இணைப்பு முனையின் (சாக்கெட்) இயல்பான பெறும் பஃபர், அதாவது வந்த பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவிடம், 2,12,992 பைட். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தன் கணக்குக்கென்று கூடுதல் இடம் எடுத்துக்கொள்வதால் நூறு பாக்கெட்டுக்கு முன்பே அது நிரம்பிவிடுகிறது. நூறு பாக்கெட் என்பது இந்த வேகத்தில் 12 மில்லிநொடி. ராஸ்பெரி பையின் எஸ்டி கார்டு எழுதும்போது சில சமயம் 300 மில்லிநொடி வரை நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் வந்தவை எல்லாம் வாசலிலேயே தொலைந்தன. பஃபரின் உச்ச எல்லையை 16 எம்பியாக உயர்த்தினேன், பெறுவதை ஒரு நூலிலும் (நிரலுக்குள் தனியே ஓடும் கிளை) எழுதுவதை இன்னொரு நூலிலும் பிரித்தேன், கார்டுக்குப் பதிலாக யூஎஸ்பி எஸ்எஸ்டி மாட்டினேன். பஃபர் பிழை நின்றது.

அடுத்தது வேகத்தை அளந்து விடுவது. 100 எம்பிபிஎஸ் என்றால் 120 மைக்ரோநொடிக்கு ஒரு பாக்கெட். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இடையில் நிரலை அவ்வளவு நேரம் உறங்கச் சொன்னால் லினக்ஸ் இயல்பாகவே சுமார் 50 மைக்ரோநொடி தாமதமாகத்தான் எழுப்பும். வேகம் 65 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை. உறக்கத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்ப்பது வீண் வேலை. மில்லிநொடிக்கு ஒருமுறை எழுந்து எட்டு பாக்கெட்டுகளைச் சேர்த்து அனுப்பி, தாமதமாக எழுந்தால் அடுத்த முறை விட்டதைப் பிடித்துக்கொள்ளும்படி மாற்றினேன். தரவு மட்டும் 92 எம்பிபிஎஸ்.

மறுகோரிக்கையில்தான் அதிகம் கற்றேன். பெறும் நிரல் 20 மில்லிநொடிக்கு ஒருமுறை விடுபட்டவற்றின் பட்டியலை அனுப்பியது. கேட்ட துண்டு திரும்பி வரவே 165 மில்லிநொடி ஆகும்; அதற்குள் அதே துண்டை எட்டு முறை கேட்டுவிடுகிறது, அதுவும் எட்டு முறை வருகிறது. ஒவ்வொரு துண்டையும் கடைசியாக எப்போது கேட்டோம் என்று குறித்துவைத்து, 250 மில்லிநொடிக்கு முன் மறுபடி கேட்காதபடி செய்ததும் இரட்டைகள் மறைந்தன. வரிசை மாறி வருபவற்றைத் தொலைந்தவை என்று நினைத்துவிடக் கூடாது என்பதால் பின்னால் மூன்று துண்டுகள் வந்த பிறகே முதல் கோரிக்கை. கோப்பின் கடைசித் துண்டுகள் தொலைந்தால் அவற்றுக்குப் பின்னால் எதுவும் வராது, பெறுபவருக்குத் தெரியவே தெரியாது. அதற்காக அனுப்புபவர் 'முடிந்தது' என்ற செய்தியைப் பதில் வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். எல்லாம் வந்த பிறகு கோப்பு முழுவதற்கும் ஷா-256 என்ற கைரேகைச் சரிபார்ப்பு. யூடிபியின் சரிபார்ப்புத் தொகை 16 பிட் மட்டுமே. 2 கோடிக்கும் மேற்பட்ட பாக்கெட்டுகளுக்கு அதை மட்டும் நம்பி வாடிக்கையாளருக்குப் படம் அனுப்ப மாட்டேன்.

களத்தில் அழகாக ஓடியதை உண்மையான லைனில் வாடகை சர்வருக்கு அனுப்பினேன். இழப்பு இரு மடங்கு. போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கட்டளையில் பார்த்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் இரண்டாக உடைந்து போய்க்கொண்டிருந்தது. எங்கள் லைன் பிபிபிஓஈ (சேவை நிறுவனங்கள் பயன்படுத்தும் ஓர் இணைப்பு முறை) வழியாக வருகிறது. அதன் தலைப்பு 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1,492 மட்டுமே போகும். உடைந்த இரண்டில் எது தொலைந்தாலும் முழுத் துண்டும் போச்சு. யூடிபி சுமையை 1,400 பைட்டாகக் குறைத்தேன், தரவு 1,368. வேகம் 87-க்கு இறங்கியது, இழப்பு மறுபடி 0.1. இடையில் ஏதேனும் சுரங்கம் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும் வழி) வரலாம் என்பதால் 1,400-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. அந்த ஐந்து சதவீத வேகத்துக்காக விளிம்பு வரை போக வேண்டியதில்லை.

40 ஜிபி 1 மணி 1 நிமிடத்தில் போனது. அதே நேரத்தில் அலுவலகத்தில் நடந்த காணொளிக் கூட்டம் உறைந்துபோனது. என் நிரல் லைனில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதே இல்லை. சொன்ன வேகத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும். டிசிபி அப்படி நடந்துகொள்ளாததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1986-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையில், 400 கெஜத் தூரத்தில், வேகம் வினாடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து வெறும் 40 பிட்டுக்கு விழுந்தது. எல்லாக் கணினிகளும் தொலைந்ததை மறுபடி மறுபடி அனுப்பி வழியை அடைத்துக்கொண்டன. வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட நெரிசல் கட்டுப்பாடு அந்த அனுபவத்தில் பிறந்தது. அந்தப் பாதுகாப்பு முழுவதையும் நான் கழற்றி வைத்துவிட்டிருந்தேன். பொதுவழியில் ஓடும் எதற்கும் அதைத் திரும்ப மாட்டியாக வேண்டும்.

பாக்கெட்டுக்குள் அனுப்பிய நேரத்தை எழுதி, மறுமுனையில் தாமதம் ஏறுகிறதா என்று பார்க்கத் தொடங்கினேன். தாமதம் ஏறினால் எங்கோ வரிசை நீள்கிறது, வேகத்தைக் குறை. தாமதம் ஏறாமல் பாக்கெட் மட்டும் தொலைந்தால் அது காற்றில் போனது, கண்டுகொள்ளாதே. இதை எழுதி முடித்தபோதுதான் உறைத்தது: நான் எழுதிக்கொண்டிருப்பது ஒரு நெரிசல் கட்டுப்பாட்டு முறை. இதை ஏற்கெனவே முறையாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். கூகுள் பொறியாளர்கள் 2016-இல் வெளியிட்ட பிபிஆர், வழியின் உண்மையான வேகத்தையும் குறைந்தபட்சத் தாமதத்தையும் அளந்து அதற்கேற்ப அனுப்புகிறது. தனித்த இழப்பைக் கண்டு அஞ்சுவதில்லை. லினக்ஸ் கெர்னலில் 4.9 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதுவும் டிசிபிக்குள்ளேயே.

கெர்னல் அமைப்பில் இரண்டு வரிகள்: வரிசை முறையை எஃப்கியூ (பாக்கெட்டுகளைச் சீரான இடைவெளியில் விடும் முறை) ஆக்குவது, நெரிசல் முறையை கியூபிக்கிலிருந்து பிபிஆர் ஆக்குவது. அனுப்பும் கணினியில் மட்டும் மாற்றினால் போதும். வாடிக்கையாளரின் சர்வரைத் தொடவே தேவையில்லை. களத்தில் 0.1 சதவீத இழப்பில் 89 எம்பிபிஎஸ். இழப்பை 1 சதவீதமாக ஏற்றிப் பார்த்தேன்: கியூபிக் 1 எம்பிபிஎஸ்ஸுக்கும் கீழே போய்விட்டது, பிபிஆர் 86-இல் நின்றது, என் யூடிபி நிரல் 86.

உண்மையான லைனில் ஒற்றை ஆர்சிங்க் 60-ஐத் தாண்டத் தயங்கியது. ஆர்சிங்க் போகும் எஸ்எஸ்எச் நிரலான ஓபன்எஸ்எஸ்எச் தனக்குள் 2 எம்பி அளவுக்கு இன்னொரு சாளரம் வைத்திருக்கிறது. எங்கள் தூரத்துக்கும் வேகத்துக்கும் அது விளிம்பில் இருக்கிறது. பட்டியலை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேக வரம்பு வைத்து ஓட்டினேன். மொத்தம் 83 எம்பிபிஎஸ், 1 மணி 4 நிமிடம். பிபிஆரின் முதல் பதிப்பு பக்கத்து இணைப்புகளைக் கொஞ்சம் நெருக்கும் குணமுடையது என்பதால் அலுவலக நேரத்தில் வரம்பைப் பாதியாக்கிவிடுகிறேன். கூட்டம் உறையவில்லை.

மூன்று நிமிட வித்தியாசத்துக்காக என் நிரலை வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்பதே என் முடிவு. அதில் குறியாக்கம் இல்லை; வாடிக்கையாளர் பக்கம் போர்ட் திறந்து, என் நிரலை நிறுவி, அதை நம்ப வேண்டும்; பிழை வந்தால் திருத்த நான் ஒருவன்தான். எஸ்எஸ்எச்சில் இவை எதுவும் பிரச்சினையே அல்ல. கோப்பு முழுதாகப் போய்ச் சேர வேண்டும், வழியில் கொஞ்சம் தொலைகிறது என்றால் முதலில் நெரிசல் முறையை மாற்றிப் பாருங்கள், நெறிமுறையை அல்ல.

அதே அலுவலகத்தில் யூடிபிதான் சரி என்ற இடமும் இருக்கிறது. பறக்கும் ட்ரோனின் இருப்பிடமும் பேட்டரி அளவும் தரைக் கணினிக்கு மேவ்லிங்க் (ட்ரோன்களுக்கான செய்தி வடிவம்) செய்திகளாக யூடிபி 14550 போர்ட்டில் வருகின்றன. அரை நொடிக்கு முந்தைய இருப்பிடம் தொலைந்தால் அதை மறுபடி கேட்பதில் பயனில்லை, அடுத்தது வந்துவிடும். ஒருமுறை சோதனைக்காக அதை டிசிபியில் ஓட்டியபோது, சிக்னல் குறைந்த இடத்தில் திரையிலிருந்த ட்ரோன் நின்று நின்று தாவியது. பழைய செய்திகள் வந்து சேரும்வரை புதியவை பின்னால் காத்திருந்தன. அங்கே இழப்பைவிடத் தாமதம்தான் ஆபத்து.

அடுத்த முறை இப்படி ஒரு சிக்கல் வந்தால் வரிசையை மாற்றுவேன். முதலில் ஈத்டூல், பிறகு யூடிபியில் இழப்பு அளவு, பிறகு எஸ்எஸ் கட்டளையில் சாளரம், பிறகு பிபிஆர். நிரல் எழுதுவது இவையெல்லாம் தோற்ற பிறகு. அப்போதும் வெறும் யூடிபியில் தொடங்க மாட்டேன். 2021-இல் ஆர்எஃப்சி 9000 ஆக வந்த குவிக் நெறிமுறையின் நூலகம் ஒன்றை எடுத்துக்கொள்வேன். யூடிபியின் மேல் குறியாக்கம், மறுஅனுப்பு, நெரிசல் கட்டுப்பாடு எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரு ஓடையில் தொலைந்தது மற்ற ஓடைகளை நிறுத்துவதில்லை, ஆயிரக்கணக்கான படங்களுக்கு அது பொருத்தமாக இருக்கும்.

மாடிக் கேபிளை முழுதாக மாற்றவும் தொகை ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். உறையுள்ள வெளிப்புற கேட்-6, 40 மீட்டர், பிளக்குகளோடு சுமார் 2,500 ரூபாய். மழைக்காலத்துக்கு முன் போட்டுவிட வேண்டும். சிஆர்சி எண் மறுபடி மெல்ல ஏறத் தொடங்கியிருக்கிறது.